கோழி மேய்த்தாலும்…

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. சிரிப்பதற்காகச் சொல்லப்படுவதாயினும் அதனுள்ளே ஓர் அச்சம் ஒளிந்திருக்கின்றது. மாதம் முடிந்தால் சம்பளம், மூப்படைந்தால் ஓய்வூதியம். இவ்விரண்டும் இல்லாத சீவனத்தை நம்மவர் பலர் சீவனமாகவே எண்ணுவதில்லை.

இவ்வெண்ணம் காரணமின்றி எழுந்ததன்று. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு இது. கிணற்று நீரை இறைத்தே புகையிலையும் வெங்காயமும் விளைவிக்க வேண்டும். 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். ஆங்கிலக் கல்வி பரவப் பரவ அரசாங்க உத்தியோகமும் கைக்கெட்டியது. கற்றவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராகச் சென்றார்கள். வறண்ட நிலத்தில் வாழ்ந்தவனுக்கு நிலையான சம்பளம் மழைக்கு ஒப்பானது. அதை அவன் விரும்பியதில் வியப்பென்ன?

ஆயினும் இதே மண் வேறொரு வகை மனிதரையும் ஈன்றது. யாழ்ப்பாணத்துச் சுருட்டைக் கொண்டுபோய்ச் சிங்களச் சிற்றூர்களிலே கடை வைத்தவர்களையே குறிப்பிடுகின்றேன். மீசை அரும்பாத வயதிலே உறவினர் ஒருவரோடு புறப்படுவர். கடையிலேயே சமைத்து, கடையிலேயே உறங்குவர். பேரம் பேசிப் பேசியே சிங்களம் கற்பர். பிறந்த ஊரைக் காண்பது திருவிழாக் காலத்தில் மாத்திரம். உத்தியோகத்தர் வீட்டுத் திண்ணையில் இவர்களுக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஆனால் ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் சேர்த்தபோது இவர்கள் கையே முதலில் நீண்டது.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது நான் மாணவன். யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, பெற்றோலும் பற்றறியும் சீமெந்தும் தடைசெய்யப்பட்டன. எங்கள் ஊரிலே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தார். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். சைக்கிள் டைனமோவிலே வானொலியைப் பாடவைத்தார். அவர் கடை வாசலில் எந்நேரமும் கூட்டம்தான்.

இதைக் கேட்டு, துன்பம் மனிதரை வளர்க்கும் என்று எவரும் இலகுவாகச் சொல்லிவிட வேண்டாம். 1950ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அதே 1990இல் நின்றுபோயிற்று. அதை நம்பியிருந்த குடும்பங்களை அத்துன்பம் வளர்க்கவில்லை. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் வீட்டையும் கடையையும் விட்டு நடந்தவர்களையும் வளர்க்கவில்லை. பிறர் நம்மீது சுமத்திய துன்பம் வேறு; நாமே அளவறிந்து ஏற்கும் சிரமம் வேறு.

அந்தப் பெரியவரின் உண்மையான துணிவைப் பின்னரே கண்டேன். 2002ஆம் ஆண்டில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. புதிய மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. மண்ணெண்ணெய் வித்தை யாருக்கும் வேண்டியதாயில்லை. ஐம்பது வயதைக் கடந்த அவர், தம் மகன் வயதுடைய இளைஞன் ஒருவனின் பட்டறைக்கு நாள்தோறும் சென்று, அருகில் குந்தியிருந்து புதிய இயந்திரங்களைக் கற்றார். "வாத்தியார் பாலர் வகுப்புக்குப் போகிறார்" என்று ஊர் சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். ஆறு மாதத்தில் தம் கடையிலேயே புதிய பலகை தொங்கவிட்டார்.

பசியைத் தாங்குவது கடினம். ஊர்ச் சிரிப்பைத் தாங்குவது நம்மவருக்கு அதனினும் கடினம். பட்டம் பெற்ற பிள்ளை பனங்கட்டி விற்கப் புறப்பட்டால், நட்டம் வருமோ என்பதற்கு முன்னே "சனம் என்ன சொல்லும்?" என்ற கேள்வியல்லவா எழுகின்றது!

நிலையான சம்பளமும் முன்போல் நிலையானதன்று. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் இலங்கையின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டியது. சம்பளத்தின் எண் மாறவில்லை. அது வாங்கிய அரிசியின் அளவுதான் குறைந்தது.

உத்தியோகம் வேண்டாமென்பது என் கருத்தன்று. வியாபாரத்தில் இறங்குவோர் வீட்டையும் சீதனக் காணியையும் ஈடுவைத்து இறங்குவதும் துணிவன்று. இழந்தால் தாங்கக்கூடிய முதலோடு தொடங்குக. கணக்கை நாள்தோறும் எழுதுக. தெரியாததை இளையவரிடமும் கேட்டறிக.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாட்களிலே பிள்ளை தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவரட்டும். விலை கேட்டவர் வாங்காமற் போகும்போது வரும் கூச்சத்தை அவன் பதினைந்து வயதிலேயே அறிந்துகொள்வது நல்லது.