ஒரு மனுஷனை மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாது
நேத்து நைட் டியூட்டி. ஐசியூவில ஒரு பெரியவர் இறந்துட்டார். "வேற மருந்து கொடுத்திருந்தா அப்பா பிழைச்சிருப்பாரா டாக்டர்?" மகன் கேட்டார். நான் பேசாம நின்னேன்.

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரல. சூப்பர் கம்ப்யூட்டர்ல பிரபஞ்சத்தை ஓட்டிப் பார்க்கறதைப் பத்திப் படிச்சேன். 2005ல வெளிவந்த மில்லினியம் சிமுலேஷன்ல 1,000 கோடி துகள்கள். ஈர்ப்பு விசை அதுங்களை எப்படித் திரட்டுதுன்னு ஜெர்மனியில ஒரு கம்ப்யூட்டர் ஒரு மாசம் கணக்குப் போட்டது.

1980கள்லயே, கரும்பொருள் நியூட்ரினோவா இருந்தா என்ன ஆகும்னு ஓட்டிப் பார்த்தாங்க. வந்த பிரபஞ்சம் நிஜ வானத்தோட ஒத்துப்போகல. யோசனையை விட்டுட்டாங்க.

எங்களால அது முடியாது. அதனாலதான் நிறைய பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சு மருந்தைச் சோதிக்கிறோம். அது கூட்டத்துக்குப் பதில் சொல்லும். அந்த மகனுக்குச் சொல்லாது.

இன்னிக்கு அவருக்கு போன் பண்ணி, "தெரியலைங்க"ன்னு சொல்லணும்.