இந்திய எண் அட்டையிலேயே இருக்கட்டும்

கருத்தரங்குக்காக முதன்முறை வெளிநாடு செல்லும் ஆய்வு மாணவர்கள் விசாவைப் பற்றிக் கேட்கிறார்கள். கைப்பேசி எண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. நம் வங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த எண்ணோடுதான் பிணைந்துள்ளன.

சென்ற ஆண்டு பெர்லினில் உடன் தங்கியிருந்த ஆய்வாளரின் கைப்பேசி படிக்கட்டில் விழுந்து அணைந்துபோனது. அவருடைய இந்திய எண் இ-சிம்மாக அதற்குள்ளேயே இருந்தது. இரவல் கைப்பேசி கிடைத்தது. எடுத்துப் போடத்தான் அட்டை இல்லை. பதிவுசெய்த எண்ணின்றி வங்கிச் செயலி திறக்கவில்லை. கணக்கில் பணமிருந்தும் என்னிடம் கடன் கேட்க நேர்ந்த அவருடைய கூச்சம் இன்னும் நினைவில் நிற்கிறது.

திருடன் கழற்றி எறிய முடியாது என்பது இ-சிம்மின் நன்மை. நாமும் கழற்ற முடியாது என்பதே அதன் குறை.

ஆகவே நான் இந்திய எண்ணை அட்டையிலேயே வைத்திருக்கிறேன். ஓடிபி வருவதற்காகப் பன்னாட்டு ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுவேன். அயல்நாட்டில் இணையத்துக்கு மட்டுமே இ-சிம். அதைப் பதிவிறக்கவே இணையம் வேண்டுமாதலால், க்யூஆர் குறியீட்டைப் புறப்படுமுன் வைஃபையில் ஸ்கேன் செய்துவிடுவது நல்லது. செல்லுபடிக்காலம் நிறுவியவுடன் தொடங்குமா, சென்றிறங்கிய பின்னரா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணப்படவிருக்கும் நண்பர்களுக்கு இது உதவக்கூடும்.