கட்டை விரல் சொன்ன சேதி

எங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவு முழங்கால் அளவுதான். போர்ட்டிக்சன் போனால்கூட, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றுக்குத்தான் முதல் மரியாதை, அலைக்கு அப்புறம்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் அக்கா 42 வயதில் ஸ்கூபா டைவிங் கற்கக் கிளம்பினார்.

விளையாட்டாகக் கிளம்பவில்லை. ஓராண்டு பணம் சேர்த்தார். தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும் என்று தெரிந்ததும், வாரம் இரண்டு மாலை நீச்சல் குளத்துக்குப் போனார். பள்ளி விடுமுறையில் மெர்சிங்கில் படகேறித் தியோமான் தீவில் இறங்கினார். நான்கு நாள் பயிற்சி. இரண்டாம் நாள் மாலையே தொலைபேசியில் அழைத்தார்.

"எனக்கெல்லாம் இது ஒத்து வராது தம்பி."

நடந்தது இதுதான். மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி அதை வெளியேற்றுவது ஆரம்பப் பயிற்சிகளில் ஒன்று. அக்காவுக்கு மூக்கில் தண்ணீர் ஏறி இருமல் வந்துவிட்டது. உடன் படித்தவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள், சட்டென்று முடித்துவிட்டார்கள். பயிற்றுநர் கடிகாரத்தைப் பார்த்தாராம். "இதுக்கே பயந்தா எப்படி?" என்றும் கேட்டாராம்.

மறுநாள் கடலில் இறங்கும்போது காது வலித்தது. நீருக்குள் 10 மீட்டர் போனாலே அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரு மடங்காகிவிடும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதைச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். சரியாகாவிட்டால் சற்று மேலே வந்து மறுபடி முயல வேண்டும். வலியோடு இறங்கினால் செவிப்பறை கிழியும் ஆபத்து உண்டு. அக்கா காதைச் சுட்டிக்காட்டினார். பயிற்றுநரின் கையோ 'இறங்கு, இறங்கு' என்றது. அக்கா கட்டை விரலை உயர்த்தினார்.

தரையில் அந்தச் சைகைக்கு 'அருமை' என்று பொருள். கடலுக்குள் 'மேலே போகிறேன்' என்று பொருள். ஒருவருக்காக எல்லாரும் மேலே வர வேண்டியதாயிற்று. "உங்களால் எல்லாருக்கும் நேரம் வீண்" என்ற பேச்சைக் கேட்டபடி அக்கா கரைக்கு வந்தார். மீதி இரண்டு நாளும் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை.

வீட்டில் கிடைத்த ஆறுதல் அதைவிட மோசம். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் அம்மா. "காசு போனால் போகுது விடு" என்றார் அத்தான். எல்லாருமே அவர் தோற்றுவிட்டதாக முடிவு செய்துவிட்டார்கள். அக்காவும் அதை நம்பத் தொடங்கினார். மாஸ்க்கை மகனிடம் கொடுத்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தப் பயிற்சி முறையைத் தேடிப் படித்தேன். முக்குளிப்போரிடையே ஓர் அடிப்படை வழக்கம் உண்டாம்: யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் முக்குளிப்பை நிறுத்தலாம். விளக்கம் கேட்கக் கூடாது. வெட்கப்பட்டு விரலை உயர்த்தாமல் இருப்பதுதான் ஆபத்து. அப்படிப் பார்த்தால், அன்றைக்கு அந்தக் கடலில் பாடத்தைச் சரியாகச் செய்தவர் என் அக்கா.

ஒலிபரப்புக் கூடத்தில் மைக் முன்னால் திணறும் புதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தைக் காட்டினால் இருக்கிற குரலும் அடைத்துக்கொள்ளும். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து, 'மெதுவா, இன்னொரு தடவை' என்றால் வார்த்தை தானாக வரும்.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்த ஆசையோடு இருந்தால், பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கடலில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? எட்டுக்கு மேல் போகக் கூடாது; குறைய இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பயிற்சி கைகூடாவிட்டால் கூடுதல் நேரம் தருவார்களா? அதற்குத் தனிக் கட்டணமா? ஆஸ்துமா, காதுக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும்.

அக்கா மறுபடி கடலுக்குப் போவாரா என்பது அவர் முடிவு. நான் வற்புறுத்தவில்லை. ஆனால் படித்ததை அவரிடம் சொன்னேன். முன்பெல்லாம் யாராவது தியோமான் பற்றிக் கேட்டால், "என்னால முடியல" என்பார். இப்போது, "காது வலிச்சுது, மேலே வந்துட்டேன்" என்கிறார்.