ஒளிந்திருந்த மெனுவும் ஒரு 18 மீட்டரும்

பி.காம் படிக்கிறவனுக்கு ஆட்டோகேட் எதற்குடா என்று வகுப்பில் ஏற்கெனவே ஓட்டிவிட்டார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் பிளான் போட்டுத் தரும் ஒரு கடையில் சாயங்காலம் டேலியில் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசியில்தான் வேலை. மற்ற நாட்களில் பக்கத்து கம்ப்யூட்டரில் அண்ணன் கோடு போடுவதைப் பார்த்துப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டேன். (சிவகாசியில் தடுக்கி விழுந்தால் கோரல்டிரா தெரிந்தவர் மேல்தான் விழவேண்டும். காலண்டரும் லேபிளும் அடிக்கிற ஊர். ஆட்டோகேட் ஆட்கள் குறைவு.)

கடைக்கு வருவதில் பாதி வீட்டு பிளான், மீதி பட்டாசு ஆலை பிளான். மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேல் ஆலைகள். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எதுவானாலும் வரைபடம் வேண்டும். மருந்து கலக்கும் அறை எங்கே, அதற்கும் அடுத்த அறைக்கும் எத்தனை மீட்டர், ரோடு எவ்வளவு தள்ளி, எல்லாம் அதில் இருக்கவேண்டும். 2008 வெடிபொருள் விதிகளில் இந்தத் தூரங்களுக்குத் தனி அட்டவணையே உண்டு. என்ன வகை மருந்து, எத்தனை கிலோ என்பதைப் பொறுத்துத் தூரம் மாறும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அந்த அறையோடு போகட்டும், பக்கத்து அறைக்குத் தாவக்கூடாது. அதற்குத்தான் நடுவில் அந்த வெறும் பொட்டல்.

ஒருநாள் அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் ஓர் ஆலை மேனேஜர் பழைய பிரிண்ட் ஒன்றோடு வந்தார். இரண்டு அறைகளுக்கு நடுவே 15.60 என்று இருந்ததைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார்.

"தம்பி, இது மட்டும் 18-னு வரணும். சின்ன வேலதான?"

சின்ன வேலைதான். எண் மேல் டபுள் கிளிக் செய்து, 15.60-ஐ அழித்து, 18.00 என்று அடித்துக் கொடுத்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. "வெவரமான தம்பி" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். எனக்கும் பெருமைதான். பொய் சொல்வானேன்.

பத்து நாள் கழித்து அதே ஃபைல் வேறு திருத்தத்துக்கு வந்தது. அண்ணன் ஓர் அறையை ஸ்ட்ரெட்ச் செய்து கொஞ்சம் நகர்த்தினார். சுற்றியிருந்த அளவுகள் எல்லாம் தானாக மாறின. அந்த 18 மட்டும் அசையாமல் நின்றது.

அளவுக்கோடு போட்டால் ஆட்டோகேட் தானே அளந்து எண்ணைப் போடும். பொருள் நகர்ந்தால் எண்ணும் மாறும். ஆனால் அந்த எண்ணை அழித்துக் கையால் ஒன்றை அடித்துவிட்டால் அதன்பிறகு அது வெறும் எழுத்து. கோடு 10 மீட்டராகச் சுருங்கினாலும் 18 என்றே காட்டும்.

"இத யாருப்பா அடிச்சது?"

சொன்னேன். அண்ணன் திட்டவில்லை. "இதுல இன்னும் எத்தன இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அதுதான் பிரச்சினை. முப்பதுக்கு மேல் அறைகள், இருநூறு அளவுக்கோடுகள். ஒவ்வொன்றாகச் சொடுக்கி, ப்ராப்பர்டீஸில் "டெக்ஸ்ட் ஓவர்ரைட்" கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் விடிந்துவிடும்.

கடையில் ஒரு பழைய ஆட்டோகேட் புத்தகம் கிடந்தது. அதில் இதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. எக்ஸ்பிரஸ் மெனு, அதற்குள் டைமென்ஷன், அதற்குள் ரீசெட் டிம் டெக்ஸ்ட் வேல்யூ. எங்கள் திரையில் எக்ஸ்பிரஸும் இல்லை, மெனுவும் இல்லை! 2009 பதிப்பிலிருந்து மேலே ரிப்பன் வந்துவிட்டது. பழைய மெனுப்பட்டை மறைந்திருக்கும், போகவில்லை. கீழே கட்டளை வரியில் "மெனுபார்" என்று சேர்த்து அடித்து, 1 கொடுத்தால் வந்து நிற்கிறது. (அதற்குள் நான் கண்ட்ரோலும் 9-ம் சேர்த்து அழுத்தி, அந்தக் கட்டளை வரியையே காணாமல் போக்கினேன். அதே சாவிகளை மறுபடி அழுத்தினால் திரும்பிவிடும். இது தெரிய எனக்குக் கால் மணி நேரம்.)

மெனு வந்தும் எக்ஸ்பிரஸ் வரவில்லை. "எக்ஸ்பிரஸ்டூல்ஸ்" என்று அடித்ததும் வந்தது. மென்பொருளை நிறுவும்போதே அதையும் போட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் எத்தனை தடவை அடித்தாலும் வராது. மெனுவே வேண்டாம் என்றால் நேராக "டிம்ரீஅசாக்" அடிக்கலாம். இதில் ஒரு கூத்து. "டிம்ரீஅசோசியேட்" என்று கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு கட்டளை உண்டு. அது அளவுக்கோட்டைப் பொருளோடு ஒட்டவைக்கும் வேலை, இதற்கு ஆகாது. நான் முதலில் அதைத்தான் அடித்தேன் :-)

ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டுதான் செய்தோம். ஏனென்றால் அளவோடு சேர்த்து "ரோடு" என்றெல்லாம் நியாயமாக எழுதிவைத்ததையும் இந்தக் கட்டளை துடைத்துவிடும். எல்லா அளவுகளையும் தேர்ந்தெடுத்து என்டர். என் 18, 15.60 ஆனது. அது எதிர்பார்த்ததுதான். அதோடு இன்னும் நான்கு எண்கள் இறங்கின. அவை நான் அடித்தவை இல்லை. அந்த ஃபைல் எங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ அடித்தவை. அதில் ஒன்று மருந்து கலக்கும் அறைக்குப் பக்கத்தில்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கு முதலிப்பட்டி ஞாபகம் வந்தது. 2012 செப்டம்பர் 5. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஆலையில் வேலை செய்தவர்கள் மட்டுமில்லை, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடியவர்களும் செத்துப்போனார்கள். முப்பதுக்கும் மேல். தெருவில் டிவி இருந்த வீட்டு வாசலில் அம்மா என்னை இடுப்போடு பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அந்த விபத்துக்கும் ஆட்டோகேடுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்று விதி இருக்கிறது. திரையில் அந்த இரண்டு செவ்வகங்களைப் பார்த்தபோது எட்டு பேர் தெரிந்தார்கள். 18 என்று அடித்த அன்று அது தெரியவில்லை.

அண்ணன் மேனேஜருக்குப் போன் போட்டார். கட்டடம் கட்டி வருஷமாகிவிட்டது, நகர்த்த முடியுமா, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றார் அவர். "இருக்கிற அளவ போட்டுத் தர்றேன் சார். அறைல வைக்கிற மருந்தக் குறைச்சா இந்தத் தூரம் போதுமான்னு ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. நம்பர மாத்தி மட்டும் தரமாட்டேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஒரு பையன் பென்டிரைவோடு வந்து ஃபைலை வாங்கிப் போனான். திருத்திய ஃபைலைத்தான் கொடுத்தோம், எல்லாம் உண்மையான அளவு. ஆனால் இரண்டு சொடுக்கில் அதை மறுபடி 18 ஆக்கலாம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? எந்தக் கடைக்குப் போனார்கள் என்று தெரியவில்லை. நான் முதல்நாள் பெருமையாகக் கொடுத்த பிரிண்டும் அவர்களிடம்தான் இருக்கிறது.

அந்த வேலைக்கான பில் 850 ரூபாய், டேலியில் இன்னும் வரவேண்டிய பாக்கியாக நிற்கிறது. மாதக் கடைசியில் அண்ணனிடம் கேட்டேன், போன் பண்ணவா என்று. வேண்டாம் என்றார்.