மை படாத விரல்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், மக்களவைத் தேர்தலில் சிவகங்கைத் தொகுதிக்கு வாக்களித்துவிட்டு, மாலையில் காரைக்குடியிலுள்ள நம் பங்கு ஆலயத்திற்குச் சென்றிருந்தோம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிற்காக ஓர் இளம் ஆசிரியை சுவரில் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர். பெற்றோர் 1990ஆம் ஆண்டில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். அவரோ இந்த மண்ணிலேயே பிறந்தவர். நம் விரலில் இருந்த மையைக் கண்டதும், "ஐயா, இந்த மை எங்களுக்கும் வைக்கிற நாள் வருமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நமக்கோ விடை சொல்ல நா எழவில்லை.

நா எழாததற்குக் காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன், பங்குப் பேரவைக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "முகாம் மக்களுக்கு நாட்டிலேயே வாக்கு இல்லை, இங்கு மட்டும் எதற்கு?" என்றார். சிலர் தலையசைத்தனர். நாம் வாய் திறக்கவில்லை. நம் மௌனமும் சம்மதமாகவே கொள்ளப்பட்டது. முகாமிலிருந்து ஒரு பெயரும் பட்டியலில் ஏறவில்லை.

அன்றிரவு, நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழாக்கத்தை எடுத்துப் புரட்டினோம். உரிமைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல என்பது சிறிது நேரத்திலேயே தெளிவாயிற்று. சில உரிமைகள் எவருக்கும் இல்லை. துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்காவில் அரசியலமைப்பு வழங்கிய உரிமை. அது குடியுரிமை இல்லாதாருக்கும் உண்டா என்று அங்கே வழக்காடுகிறார்கள். நம் நாட்டிலோ குடிமகனுக்கே அது உரிமையன்று; 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றாக வேண்டும். சில உரிமைகள் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை. 19ஆம் பிரிவு கூறும் பேச்சுரிமை, கூடும் உரிமை முதலியனவும், 326ஆம் பிரிவு கூறும் வாக்குரிமையும் அத்தகையன.

ஆனால் 14ஆம் பிரிவும் 21ஆம் பிரிவும் "குடிமகன்" என்னும் சொல்லையே எடுக்கவில்லை. சட்டத்தின் முன் சமத்துவமும், உயிருக்கும் உரிமைக்கும் பாதுகாப்பும் எந்த மனிதருக்கும் உண்டு என்கின்றன. மனச்சான்று உரிமையைக் கூறும் 25ஆம் பிரிவும் அவ்வாறே. இவை வெறும் எழுத்துமல்ல. அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா அகதிகளை வெளியேற்ற முயற்சி நடந்தபோது, குடிமகனாயினும் அல்லாதவராயினும் ஒவ்வொருவரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதை வாசித்தபோது நம் பாட்டனார் நினைவுக்கு வந்தார். செட்டிநாட்டில் பர்மாவோடு தொடர்பில்லாத ஊர் ஏது? அவர் ரங்கூனில் ஒரு லேவாதேவிக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1962ஆம் ஆண்டில் இராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. இலட்சக்கணக்கான இந்தியரோடு அவரும் கப்பலேறினார். வீடு வந்து சேர்ந்தது ஒரு டிரங்குப் பெட்டி மட்டுமே. "அங்கே எனக்கு ஓட்டு இல்லை என்று நான் ஒருநாளும் வருந்தியதில்லை. உழைத்த காசைப் பறித்தபோது கேட்பதற்கு ஒரு கோர்ட்டுப் படி இல்லையே, அதுதான் வருத்தம்" என்பார். குடிமகனுக்குரியது எது, மனிதனுக்குரியது எது என்பதை அவர் சட்டம் படிக்காமலே அறிந்திருந்தார். அவருடைய பேரப்பிள்ளையாகிய நாம் அதை மறந்தோம்.

அப்படியானால் வாக்குரிமை குடிமகனுக்கே உரியது என்பதோடு பேச்சு முடிந்துவிடுமா? முடியாது. ஒரு நாட்டின் ஆட்சியை அந்நாட்டுக் குடிமக்கள் தெரிந்தெடுப்பது முறையே. ஆனால் குடிமகனாகும் வாசலைத் தலைமுறை தலைமுறையாய் அடைத்து வைப்பது முறையாகுமா? 1987ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளுக்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமகனாவார். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாயிருத்தல் வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் முதல் விதி இன்னும் இறுகியது. தக்க ஆவணமின்றிப் படகில் வந்தவரைச் சட்டம் "சட்டவிரோதக் குடியேறி" என்கிறது. அவர்கள் விண்ணப்பிக்கவும் வழியில்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டாருக்கே கதவைத் திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை.

மண்டபம் முகாமில் 1986ஆம் ஆண்டு பிறந்த ஒரு பெண்மணி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடி, 2022ஆம் ஆண்டில் தம் குடியுரிமையை நிலைநாட்டினார். நாம் வாக்களித்த அதே நாளில் அவரும் திருச்சியில் முதன்முறையாக வாக்களித்தார். நம் மறைக்கல்வி ஆசிரியை சில ஆண்டுகள் பிந்திப் பிறந்தார். ஆகவே அவர் விரலில் மை இல்லை. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பிறந்த தேதி ஒன்றே.

நாட்டின் சட்டத்தை மாற்றும் வலிமை நமக்கில்லை. மாற்றக் கோரும் வாக்கு நமக்குண்டு. ஆனால் பங்குப் பேரவையின் கதவை அடைத்தது டெல்லி அன்று, நாமே. திருமுழுக்கினால் ஒருவர் திருச்சபையில் உரிமையும் கடமையும் உடையவராகிறார் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. எந்நாட்டார் என்று அது கேட்கவில்லை. ஆண்டுதோறும் ஓரியூர் சென்று நாம் வணங்கும் புனித அருளானந்தர் எந்நாட்டார்? போர்ச்சுகலிலிருந்து வந்தவர், இச்சீமைக்குள் வரலாகாது என்று விரட்டப்பட்டும் திரும்பி வந்து, 1693ஆம் ஆண்டில் இங்கே உயிர் நீத்தவர். அந்த அந்நியரை நம்மவர் என்கிறோம். பக்கத்து இருக்கையில் முழந்தாளிடும் தமிழ்ப் பெண்ணை அந்நியர் என்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் நாம் எழுந்து, முன்பு மௌனமாயிருந்தது தவறு என்று சொன்னோம். குரல் நடுங்கத்தான் செய்தது. விவாதம் நீண்டது, எல்லாரும் ஒப்பவில்லை. எனினும் முகாமிலிருந்து இருவரைத் தெரிந்தெடுப்பது என்று முடிவாயிற்று. அவ்விருவரில் ஒருவர் அந்த ஆசிரியை.

அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் இன்றும் விடையில்லை. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோரிடம் அதே கேள்வியை நாம் கேட்போம். வாசகர்களும் கேட்பார்களாக.