நிலத்துக்குத் தேய்மானம் உண்டா?

எங்கள் பக்கத்தில் படகைப் பார்க்க வேண்டுமென்றால் சர்பத் கடை காலண்டரில்தான் பார்க்க வேண்டும். அருப்புக்கோட்டை - திருச்சுழி வட்டாரம். குண்டாறு என்று ஒன்று ஓடுகிறது... மன்னிக்கவும், கிடக்கிறது. வருஷத்தில் பாதி நாள் அதில் கிரிக்கெட் ஆடலாம். ஸ்டம்ப் நடுவதும் சுலபம், மணல்தானே!

திருச்சுழி கோயிலின் தலபுராணம் இன்னும் விசேஷம். ஊழி வெள்ளம் புரண்டு வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் ஒரு துளை போட்டாராம். அத்தனை தண்ணீரும் சுழித்துக்கொண்டு அதற்குள் இறங்கிவிட்டதாம். அதனால்தான் ஊர்ப் பெயரே சுழி. "எங்க ஏரியாவுக்குன்னு வந்த ஒரே வெள்ளம் தம்பி... அதையும் பூமிக்குள்ள அனுப்பிவெச்சாச்சு" என்று டீக்கடையில் ஒரு பெரிசு அங்கலாய்த்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

இப்பேர்ப்பட்ட மண்ணில் பிறந்த பி.காம். பட்டதாரி ஒருவனுக்கு (அடியேன்தான்) படகுப் பைத்தியம் பிடித்தது. காரணம், ராத்திரி தூக்கம் வராமல் செல்போனில் பார்த்த ஒரு வீடியோ.

கனடாவின் மேற்குக் கரையில் ஓஷன் ஃபால்ஸ் என்று ஓர் ஊர். ரோடு கிடையாது, படகிலோ, தண்ணீரில் இறங்கும் விமானத்திலோதான் போக வேண்டும். சுற்றிலும் காடு. மரத்தை வெட்டிக் கூழாக்கிக் காகிதம் செய்ய ஒரு பெரிய மில், அதைச் சுற்றி ஒரு டவுன், சில ஆயிரம் ஜனங்கள். 1980-ல் மில் மூடியது. ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். இப்போது நூறு பேர்கூட இல்லை. அந்தக் கடற்கரை நெடுக இந்த மாதிரி கைவிட்ட மில் ஊர்களும், மரம் வெட்டிய தளங்களும் பாசி பிடித்து நிற்கின்றன. சில பேர் படகை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து வருவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். ஓஷன் ஃபால்ஸில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை எங்கள் ஊருக்கு நாலு வருஷத்துக்கு மேல் காணும். அந்த ஊர்க்காரர்கள் தங்களையே 'மழை ஜனங்கள்' என்று சொல்லிக்கொள்வார்களாம். எங்களை என்ன சொல்லலாம்? 'குடம் ஜனங்கள்'?

கூட்டுறவு பேங்க்கில் கேஷியராக இருக்கும் நண்பனிடம் சொன்னேன்.

"நாமளும் அந்த மாதிரி ஒரு டிரிப் போகணும்டா."

"கனடாவுக்கா? மாசக் கடைசியில எங்கிட்ட வந்து ஐந்நூறு ரூபா கேப்பியே, அந்தக் கனடாவா?"

"இல்லடா. நம்ம பக்கத்துல கைவிட்ட ஊர் இல்லையா என்ன?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தனுஷ்கோடி" என்றான். கேஷியர் என்றாலும் சமயத்தில் சரியாகத்தான் எண்ணுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை விடிய விடிய பஸ் ஏறினோம். படகு வேண்டும் என்ற என் பிடிவாதத்துக்காக முதலில் பாம்பனை அடுத்த குந்துகால். விவேகானந்தர் 1897-ல் சிகாகோ புகழோடு திரும்பி வந்தபோது கரையேறிய இடம். அங்கிருந்து எதிரே உள்ள குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில் போனோம். லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். நண்பனின் தொப்பைக்கு பெல்ட் எட்டவில்லை. "சார், நீங்க எப்படியும் மிதப்பீங்க" என்று தைரியம் சொன்னார் படகுக்காரர்.

குருசடை, விலங்கியல் படித்தவர்களுக்குப் புண்ணிய பூமி. பாலனோகிளாசஸ் என்கிற அபூர்வப் புழு கிடைக்கும் இடம். மீன்வளத் துறையின் கடல் உயிரியல் நிலையம் ஒரு காலத்தில் இங்கே ஓஹோவென்று நடந்தது. காமர்ஸ் படித்த எங்களுக்குப் புழு தெரியாது. ஆனால் படகுக்காரர் சொன்ன ஒரு விஷயம் புரிந்தது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை மொத்தம் 21 தீவுகள். அதில் இரண்டு இப்போது கடலுக்குள். சுற்றிலும் இருந்த பவளப்பாறையை சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக வருஷக்கணக்கில் வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க ஆளில்லாமல் போய்விட்டது. கனடாவில் மரத்தை வெட்டினார்கள். மரம் திரும்ப முளைத்துவிட்டது. இங்கே வெட்டியது தீவின் காம்பவுண்ட் சுவரை.

அக்கவுன்டன்ஸி வாத்தியார் பலகையில் எழுதிப் போட்டது ஞாபகத்துக்கு வந்தது. கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, மெஷினுக்கு உண்டு, நாற்காலிக்குக்கூட உண்டு. நிலத்துக்கு மட்டும் கிடையாது. நிலம் எங்கேயும் போகாது. பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதி, வாங்கியும் இருக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் அந்த இரண்டு மார்க்கும் கையை விட்டுப் போயிற்று.

இப்போது ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போவது ஒரு விஷயமே இல்லை. 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நீங்கள். அதற்கு முன்னால் மணலில் குதித்துக் குதித்துப் போகும் வேன்தான் கதி. இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மாதா கோயில். கூரை இல்லை. சுவர் பவளப்பாறைக் கல். அதன் முன்னால் கலர் கலராகச் சங்கு விற்கும் கடைகள். செல்ஃபி எடுக்கும் புது ஜோடிகள். "கொஞ்சம் சோகமா பாரு" என்று மனைவிக்கு டைரக்ஷன் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு புது மாப்பிள்ளை.

இந்த ஊர் ஒரு காலத்தில் எப்படி இருந்தது? 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். எழும்பூரில் ரயில் ஏறினால் நேரே தனுஷ்கோடி. பிளாட்பாரத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கப்பல். அக்கரையில் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் தயார். ஒரே டிக்கெட், இரண்டு ரயில், நடுவில் ஒரு கப்பல். அதற்குத்தான் போட் மெயில் என்று பேர். சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்திரம், ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று சகலமும் இருந்த ஊர்.

1964 டிசம்பர் 22 ராத்திரி. புயல். பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ம் நம்பர் பாசஞ்சர் தனுஷ்கோடியைத் தொடப்போகிற சமயத்தில் அலை வந்து அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தப் புயலில் செத்தவர்கள் 1,800 பேருக்கு மேல் என்பார்கள். ஊர் மனிதர் வாழ லாயக்கில்லை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

அதே புயல் பாம்பன் பாலத்தையும் பிய்த்துப் போட்டது. 145 கர்டர்களில் 126 கடலுக்குள். ஸ்ரீதரன் என்கிற இளம் எஞ்சினீயர் (பிற்பாடு டெல்லி மெட்ரோ கட்டினாரே, அவரேதான்) கடலுக்குள் விழுந்த கர்டர்களையே தேடித் தூக்கி மாட்டி 46 நாளில் பாலத்தை நிறுத்திவிட்டார். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்துவிட்டது. ஆனால் தனுஷ்கோடிக்கு மட்டும் அதன் பிறகு ரயில் வரவே இல்லை. பாலத்துக்கு இருந்த ராசி ஊருக்கு இல்லை.

நாங்கள் மணலில் நின்றுகொண்டு எது ஸ்டேஷன், எது தண்ணீர்த் தொட்டி என்று குழம்பிக்கொண்டிருந்தோம். சங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா கூப்பிட்டார். "தம்பி, நீங்க நிக்கிறது தபாலாபீஸு. அந்தா அந்தக் கல்லு தெரியுதுல்ல, அதுதான் ரயில்வே. எங்க அய்யா அங்கதான் மூட்டை தூக்குனாரு." கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் காட்டக் காட்ட வெறும் கல்லெல்லாம் கட்டடமாக எழுந்து நின்றது. கையை இறக்கினார். மறுபடி கல். இருபது ரூபாய்க்கு ஒரு சங்கு வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் போனில் எடுத்த படத்தையெல்லாம் காட்டினேன். இங்கே ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பத்தா பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவருடைய தாத்தா திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்த ஒரு வருஷம் கங்காணி பின்னால் கிளம்பி, மண்டபம் கேம்ப்பில் அடைபட்டு, ஊசி குத்தி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறியவர். தண்ணீர் இல்லாத ஊர்க்காரனைக் கடல் கடக்க வைத்தது தண்ணீர் இல்லாததுதான்!

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்களை ரேஷன் அரிசி போலப் பிரித்த கணக்கு. கையெழுத்தின் மை காய்ந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. அவர்கள் வந்திறங்க வேண்டிய தனுஷ்கோடியே கடலோடு போய்விட்டது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு விட்டார்கள். அதில்தான் அப்பத்தா எட்டு வயசு மகனை, அதாவது எங்கள் அப்பாவை, இடுப்பில் முடிந்த சேலைத் தலைப்பில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியது. தாயகம் திரும்பியவர்களுக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டம், நூற்பாலை என்று வேலை கொடுத்தார்கள். அப்பத்தாவுக்குக் கிடைத்தது மில். தேயிலை பறித்த கை பஞ்சு பிரித்தது. அப்பாவும் பெரியவனானதும் அதே மில்லில் ரிங் பிரேமில் நின்றார். இருபது வருஷத்துக்கு முன்னால் மில் மூடியது.

அப்பத்தா படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தது.

"கப்பல்ல வரும்போது நானும் எட்டி எட்டிப் பாத்தேன். தாத்தா ஏறுன ஊரு தெரியுமான்னு. மண்ணுதான் தெரிஞ்சுது." கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. "ஆமா, இடிஞ்ச செவரப் பாக்கவா பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போனீங்க? நம்ம மில்லுலயும்தான் செவரு இடிஞ்சு கெடக்கு. போயி ஓசியில பாரு."

கேஷியர் நண்பன் என்னைப் பார்த்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பேப்பர் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அப்பாவை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். "அங்க என்னடா இருக்கு?" என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினார். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதை நான் கவனித்தேன்.

மில் வாசலில் துருப்பிடித்த கேட். உள்ளே மெஷின் ஒன்றுகூட இல்லை. என்றைக்கோ எடைக்குப் போட்டாயிற்று. ஷெட்டுக்குள் சீமைக் கருவேலம் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஓஷன் ஃபால்ஸில் பாசி, இங்கே முள். காம்பவுண்டை ஒட்டி ஒருவர் கருவேலத்தை வெட்டி அடுக்கி மண்ணால் மூடிக் கரிமூட்டம் போட்டிருந்தார். உச்சியிலிருந்து மெல்லிசாகப் புகை. எங்கள் சீமையின் மரம் வெட்டும் தொழில் இதுதான். மழையே வேண்டாத மரம், தண்ணீரே வேண்டாத தொழில். மில் சம்பளம் நின்ற பிறகு எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தப் புகையால்தான்.

வாட்ச்மேன் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "அண்ணே... ரெண்டாவது ஷிப்ட் அண்ணன்தானே?" என்று கேட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார். ஷிப்டே இல்லாத மில்லில் மனிதரை ஷிப்ட் வைத்து அடையாளம் சொல்கிறார்!

அப்பா உள்ளே போனதும் முதலில் செருப்பைக் கழற்றினார். பழக்கம் போலிருக்கிறது. பிறகு காட்ட ஆரம்பித்தார். "இது புளோ ரூம். பஞ்சு பேலை இங்க பிரிப்போம். அது கார்டிங். இந்த இடத்துலதான் என் பிரேம். உங்கப்பத்தா கோன் வைண்டிங், அந்த மூலை. சங்கு ஊதினா திருச்சுழி ரோடு வரைக்கும் கேக்கும்." வெறும் தரையில் போல்ட் இருந்த துளைகளை எண்ணிக்கொண்டே நடந்தார். சங்கு விற்ற அம்மா கை நீட்டியது போலவே இவரும் நீட்டினார். ஒரு தடவை கையை அப்படியே நிறுத்திவிட்டு, "சத்தம்தான் இல்ல" என்றார்.

ஆபீஸ் போகும் தம்பிமார்களே, உங்களில் பலருக்கு இந்த மாதிரி இடிபாடு பார்க்கும் ஆசை இருக்கும். தாராளமாகப் போங்கள். படகு கிடைத்தால் படகில், இல்லாவிட்டால் பஸ்ஸில். ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன்: போகும்போது அந்த இடத்தில் வேலை பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். கேமரா அப்புறம். பவளக் கல் சுவருக்கும் செங்கல் சுவருக்கும் தங்கள் கதையைச் சொல்ல வாய் கிடையாது. இருப்பது இவர்கள் வாய்தான், அதற்கும் வயசாகிக்கொண்டிருக்கிறது.

திரும்பும்போது வழியில் டீக்கடையில் நிறுத்தினேன். அப்பா இரண்டு டீ சொன்னார். எனக்குத் தெரிந்து மில் மூடிய நாளிலிருந்து அந்தக் கடைப் பக்கமே அவர் வந்ததில்லை. பழைய பாக்கி ஏதாவது இருக்குமோ என்று கடைக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "என்னண்ணே, ஷிப்ட் முடிஞ்சுதா?"

"ம்... முடிஞ்சுது" என்றார் அப்பா.