எந்த ஊர் அரபி?

தங்கை மகள் சென்னையில் எம்.ஏ. அரபி முடித்துவிட்டாள். ஒரு வருஷமாவது அரபு நாட்டில் தங்கிப் படித்தால்தான் பேச்சு வரும் என்பது அவள் கட்சி. கெய்ரோவா, அம்மானா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம். "ஆம்பூரில் எனக்குத் தெரிந்த, அரபி ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத் ஒருத்தர் இருக்கார். போய்க் கேட்டுட்டு வரலாம், வா" என்றேன். "வெளிநாடு போறதுக்கு ஆம்பூர்ல வழி கேக்கணுமா மாமா?" என்று சிரித்தாள். சிரித்தபடியேதான் காலை ரயிலுக்கும் வந்தாள்.

காட்பாடியில் இறங்கி முதலில் வேலூருக்குள் போனோம். பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை அவளுக்கு வெளியிலிருந்தாவது காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த அரபிக் கல்லூரிக்குக் கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிள்ளைகள் ஓத வந்தார்கள். கேரளத்தின் காந்தபுரம் ஏ.பி. அபூபக்கர் முஸ்லியார் இங்கே ஓதியவர். குர்ஆனை முழுதாகத் தமிழில் பெயர்த்த அப்துல் ஹமீது பாகவியும் அப்படித்தான். இங்கே ஓதி முடித்தவர் பெயருக்குப் பின்னால் 'பாகவி' சேரும். உமராபாத்தில் ஓதினால் 'உமரி', மதீனாவில் என்றால் 'மதனி', கெய்ரோ அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் என்றால் 'அஸ்ஹரி'. ஓர் ஆலிமின் (மார்க்க அறிஞரின்) பெயரைக் கேட்டாலே அவர் எந்த ஊரில் ஓதினார் என்று தெரிந்துவிடும். "கண்ணூர்க்காரனுக்கும் கொழும்புக்காரனுக்கும் ஒரு காலத்தில் இதுதான் வெளியூர்ப் படிப்பு" என்றேன். அவள் அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தாள். சிரிப்பு குறைந்திருந்தது.

வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பேருந்து. பாலாற்றில் தண்ணீரைக் காணோம், மணல்தான் தெரிந்தது. ஒரு காலத்தில் இந்த ஆற்றுத் தண்ணீரையும் ஆவாரம்பட்டையையும் நம்பித்தான் இங்கே தோல் பதனிட்டார்கள். ஆம்பூரை நெருங்கும்போது அந்த வாடை ஜன்னல் வழியே வந்தது. அவள் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள். "உன் படிப்புக்கும் இந்த வாடைக்கும் சொந்தம் உண்டு" என்றேன். 1924இல் உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபிக் கல்லூரியை நிறுவிய காக்கா முகமது உமர் தோல் வணிகர். அந்த ஊருக்கே அவர் பெயர்தான். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி வந்ததும் இந்த வட்டாரத்து வணிகர்களின் கைங்கர்யம். தோலில் வந்த காசு அரபிக்கும் போனது.

ஹஜ்ரத் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேச்சு. சீரகசம்பா பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம் அவள் தன் நோட்டைத் திறந்தாள். நாடுகள் வரிசையாக இருந்தன.

"சிரியாவை விட்டுட்டியே அம்மா?" என்றார். 2011க்கு முன்னால் அரபி படிக்க வந்த வெளிநாட்டாருக்கு டமாஸ்கஸ்தான் பிடித்த ஊர். அதற்கும் முன்னால் லெபனான். பிரிட்டிஷ் தூதரக ஆட்களுக்கு அரபி கற்றுக்கொடுத்த பள்ளி ஷெம்லான் என்ற மலைக் கிராமத்தில் இருந்தது. உள்நாட்டுப் போரில் 1978இல் அதை மூடினார்கள். சிரியாவிலும் போர் வந்த பிறகு பலர் அம்மான் பக்கம் திரும்பினார்கள்.

மதீனா பல்கலைக்கழகம் உதவித்தொகையும் தங்குமிடமும் தருகிறது. ஆனால் 1961இல் அது தொடங்கப்பட்டதே ஆண்களுக்காக. அதே 1961இல் வந்த சட்டம் அஸ்ஹரில் பெண்களுக்கும் இடம் கொடுத்தது. செலவுக்கும் கெய்ரோ தோது. ஜோர்டான் தினார் டாலரைவிட மதிப்புக் கூடியது, அம்மானில் வாடகை கொடுத்துக் கட்டாது. இவ்வளவும் அவள் நோட்டில் இருந்தது. எந்த ஊரில் எப்படிப் பேசுகிறார்கள் என்பது மட்டும் இல்லை.

அந்தப் பாடத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். இருபத்து மூன்று வயதில் துபாயில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாடிக்கையாளரிடம், மதரஸாவில் ஓதியபடி, "கைஃப ஹாலுக்க" என்று நலம் விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். வளைகுடாவில் பலர் வாயில் அது "ஷ்லோனக்". அம்மானில் "கீஃபக்". கெய்ரோவில் "இஸ்ஸய்யக்". மற்ற பல இடங்களில் ஜமால் என்பவர் கெய்ரோவில் கமால். எகிப்து அதிபர் நாசரை உலகமே கமால் என்று அழைத்தது அதனால்தான். தலையங்கத் தமிழில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினால் அவர் எப்படிப் பார்ப்பார்? அப்படித்தான் என்னையும் பார்த்தார்கள். எழுத்து அரபி எல்லா நாட்டுக்கும் ஒன்று. பேச்சு அரபி ஊருக்கு ஊர் வேறு.

ஹஜ்ரத் நோட்டை மூடினார். "படிச்சு முடிச்சு யார்கிட்ட பேசப் போறே?"

அவள் தயங்கினாள். சென்னை மருத்துவமனைகளுக்கு வரும் அரபு நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போக வேண்டும் என்பது ஆசை. கெய்ரோ, அம்மான் சண்டையில் வீட்டில் இதை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

"அங்கே எந்த நாட்டுக்காரங்க வர்றாங்க?"

"ஓமான்காரங்க நிறைய, ஹஜ்ரத்."

"இந்த ஊர்ல ஷூ தைக்கிறோம். போடுறவன் ஐரோப்பாவுல இருக்கான். அவன் கால் அளவு தெரியாம இங்கே ஒரு ஜோடி தைக்க முடியுமா?"

அவள் நோட்டில் ஓமானே இல்லை. நிஸ்வாவுக்கு அருகே மனஹ் என்ற ஊரில், அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே சுல்தான் காபூஸ் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. ஹஜ்ரத் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். வயிற்றுவலியை மருத்துவரிடம் சொல்ல வரும் ஓமான் கிழவி எழுத்து அரபியில் முனகமாட்டாள். அந்தக் கிழவியின் வீட்டுப் பேச்சு காதில் விழும் இடத்தில் ஒரு வருஷம் இருந்தால் போதும். இலக்கணம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இலக்கியம் ஆராயப் போகிறவளாக இருந்தால் அவரே கெய்ரோ என்றுதான் சொல்லியிருப்பார்.

திரும்பும் ரயிலில் அவள் வாடைக்கு மூக்கைப் பொத்தவில்லை. போன வாரம் ஓமானுக்கு மனுப் போட்டுவிட்டாள். அரபி படிக்கப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு என் யோசனை இதுதான்: எந்த நாட்டு அரபி உசத்தி என்று விசாரிக்காதீர்கள். யாரோடு பேசப் போகிறாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிறகு டிக்கெட் போடலாம்.